கவுன்சிலராகப் போற பேராண்டிக்கு

ராசா, கெர்ரி கவுன்டி கவுன்சில் தேர்தல்ல நிக்கலாம்னு பாக்குறேன், தாத்தா என்ன சொல்றீகன்னு எழுதியிருக்கே. ரொம்ப சந்தோசம். ஓட்டல்ல ராத்திரி ஷிப்ட்டு பாக்குறவனுக்கு ஊர்ச்சேவை செய்ய எங்கடா நேரம் கெடைக்கும்னு உங்க அப்பத்தா கவலைப்படுறா. அவன் சேவை செய்யப் போறேன்னு எங்கேயும் எழுதலையே, கவுன்சிலராகப் போறேன்னுதானே எழுதியிருக்கான், கடுதாசிய ஒழுங்காப் படின்னு சொல்லிவெச்சேன்.

சட்டம் உனக்கு வழி விடுது. அயர்லாந்துல உள்ளாட்சித் தேர்தலுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை வேணும்னு இல்ல. 18 வயசு ஆகி அங்க குடியிருந்தாப் போதும், ஓட்டும் போடலாம், நிக்கவும் செய்யலாம். டப்ளின்ல இருக்குற டாயிலுக்கு, அதான் அவுக மக்களவைக்கு நிக்கணும்னாத்தான் குடியுரிமையும் 21 வயசும் கேக்குறாக. போதாததுக்கு ஓட்டுச்சீட்டுல பேர அகரவரிசையில அடிக்கிறாக. உங்க அப்பன் பேரு ஆறுமுகம் அங்க உனக்குக் குடும்பப் பேராப் போயி, ஏ எழுத்துல, சீட்டுக்கு உச்சியில நிக்குது. மேல இருக்குற பேருக்கு நாலு ஓட்டு கூட விழும்னு அங்க எல்லாரும் சொல்றாக. அந்தப் பேர வெச்சவன் நான். நீ நன்றி சொல்லி எழுதுவேன்னு எதிர்பாக்கல, சும்மா தெரிஞ்சுக்க.

உன் வீட்டுல வந்து தங்கியிருந்தப்ப கெழவன் சன்னலோரமா உக்காந்து மழைய வேடிக்கை பாக்குறான்னு நெனைச்சிருப்பே. நீ தூங்குற நேரத்துல எல்லாம் பக்கத்து வீட்டுப் பெரியவரு எனக்கு கெர்ரி அரசியல ஓதிவிட்டுக்கிட்டிருந்தாரு. மிச்சத்த பேப்பர்ல படிச்சுக்கிட்டேன். அதனால நான் சொல்றத உள்ளூர்ச் சரக்குன்னே வெச்சுக்க.

பாடம் படிக்கணும்னா நீ எங்கேயும் போக வேண்டாம். உங்க பக்கத்துக் கில்லார்னியில இருந்து கார எடுத்தா முக்கா மணி நேரத்துக்குள்ள, கென்மேருக்குப் பக்கத்துல கில்கார்வன்னு ஒரு ஊரு வரும். மலைக்கு நடுவுல ரஃப்டி ஆத்தங்கரையில கெடக்குற சின்ன ஊரு. அங்க 1931-ல பொறந்தவரு ஜாக்கி ஹீலி-ரே. அந்தப் பக்கம் ஹீலின்னா வீட்டுக்கு வீடு உண்டு. அதனால குடும்ப நெலம் இருந்த எடத்துப் பேர்ல முன்பாதிய வெட்டி 'ரே'ன்னு பின்னால ஒட்டிக்கிட்டாக. விவசாயம் பாத்தாரு, ஜேசிபி வாடகைக்கு விட்டாரு, பப் வெச்சாரு, ஹர்லிங் வெளையாண்டாரு, டான்ஸ் கோஷ்டியில சாக்சபோன் ஊதுனாரு. இதுல எது அரசியலுக்கு உதவுச்சுன்னு கேட்டா எல்லாந்தான். விவசாயிகூட மழையத் திட்டுறதுக்கு ஆளு வரும். ஜேசிபிக்காரனுக்கு யாரு வீடு கட்டுறா, யாரு வரப்ப வெட்டுறாங்கிறது கவுன்சில் ஆபீசுக்கு முந்தியே தெரியும். பப்புக்காரன்கிட்ட ராத்திரி பத்து மணிக்கு மேல ஊருல ரகசியம்னு ஒண்ணு தங்காது. நீ ஓட்டல் வரவேற்புல நிக்கிறே. உனக்குத் தெரிஞ்சதெல்லாம் சுத்திப்பாக்க வந்த செர்மன்காரன் ரகசியம். அவனுக்கு அங்க ஓட்டு இல்ல.

ஜாக்கி 1973-ல கெர்ரி கவுன்சிலுக்குள்ள நுழைஞ்சது ஓட்டு வாங்கி இல்ல. அங்க கவுன்சிலரு செத்தாலோ வெலகுனாலோ இடைத்தேர்தல் வெக்கிறதில்ல. மத்த கவுன்சிலருக கூடி ஒரு ஆள நியமிச்சுக்கிருவாக. எடம் எந்தக் கட்சியோடதோ அந்தக் கட்சி கைகாட்டுற ஆளுதான் வழக்கமா வருவாரு. கோ-ஆப்ஷன்னு அதுக்குப் பேரு. ஜாக்கி அதுக்கு முந்தியே ஃபியானா ஃபாயில் கட்சிக்கு வருசக்கணக்கா தேர்தல் வேலை பாத்து, தெருத் தெருவா கதவு தட்டுன ஆளு. மறுவருசமே மக்கள்கிட்ட போயி முறையா செயிச்சாரு. பெறகு 2003 வரைக்கும் அந்த நாற்காலிய விட்டு எந்திரிக்கல.

பம்பாய் டாக்டர் மகன் லியோ வராட்கர் பேரு கேள்விப்பட்டிருப்பே. அவரும் 1999-ல கவுன்சிலுக்கு நின்னு 380 ஓட்டு வாங்கித் தோத்தவரு. 2003-ல இதே கோ-ஆப்ஷன் கதவு வழியா ஃபிங்கல் கவுன்சிலுக்குள்ள வந்தாரு. 2007-ல டாயிலு, 2017-ல பிரதமரு. அதனால தோத்துட்டா மூலையில உக்காந்து அழாதே, யாரு எப்ப எந்திரிப்பாகன்னு பாத்துக்கிட்டே இரு. ஆனா வயசான கவுன்சிலருகளோட ஒடம்ப ரொம்ப அக்கறையா விசாரிக்காதே. சந்தேகப்படுவாக.

ஒடம்புன்னு சொன்னதும் சாவு வீடு ஞாபகம் வருது. இத நல்லாக் கேட்டுக்க, கெர்ரி அரசியல்ல இதுக்குத்தான் மார்க்கு அதிகம். ரேடியோ கெர்ரியில தெனமும் மரண அறிவிப்பு வாசிக்கிறாக. சனங்க கையில இருக்குற வேலைய நிறுத்திட்டுக் கேக்குறத நானே பாத்தேன். நீயும் கேளு, பேனாவும் கையுமா கேளு. அங்க சாவுக்கு யாரும் அழைப்பு வெக்கிறதில்ல, யாரும் போலாம். பெட்டியத் தெறந்து வெச்சிருப்பாக. உறவுக்காரவுக பக்கத்துல வரிசையா உக்காந்திருப்பாக. நீ வரிசையில நின்னு, நகந்து நகந்து, ஒவ்வொருத்தர் கையவும் புடிச்சு, உங்க துக்கத்துல நானும் வருத்தப்படுறேன்னு ஒரே வாக்கியம் சொல்லிட்டு, பெட்டிகிட்ட ஒரு நொடி தலை குனிஞ்சுட்டு வெளிய வந்துரணும். செத்தவரப் பத்தி உனக்குத் தெரியாத கதைய எல்லாம் சொல்லாதே. கையப் புடிச்சுக்கிட்டு ரொம்ப நேரமும் நிக்காதே, பின்னால நிக்கிற கூட்டத்துல எதிர்க்கட்சிக் கவுன்சிலரும் மணியப் பாத்துக்கிட்டு நிப்பாரு.

ஒரு மாசங்கழிச்சு கோயில்ல அதே ஆத்மாவுக்கு ஒரு பூசை வெப்பாக. அதுக்கும் போ. சாவுக்கு எல்லா அரசியல்வாதியும் வருவான், மாசப் பூசைக்கு வாரவன் கொஞ்சம். அன்னைக்கு அந்தக் குடும்பம் உன்னய நிமிந்து பாக்கும். கல்யாணத்துக்குப் போகாட்டிப் பாதகமில்ல. அதுக்கு அழைப்பும் வேணும், பரிசும் வாங்கணும். அங்க வர்ற கூட்டமும் குடிச்சுப்புட்டு உன்னய மறந்துரும்.

அடுத்தது கிளினிக்கு. பயப்படாதே, ஊசி போடுறது இல்ல. அரசியல்வாதி வாரத்துல ஒரு நாளு பப்புலயோ ஓட்டல் மூலையிலயோ ஒரு மேசையப் போட்டு உக்காருவாரு. சனங்க ஒவ்வொருத்தரா வந்து கொறையச் சொல்லுவாக. பாஸ்போர்ட்டு வரல, மெடிக்கல் கார்டுக்கு மனுப் போட்டு பதிலே இல்ல, மகன் நம்ம நெலத்துல வீடு கட்டக் கேட்டா பிளானிங் அனுமதி குடுக்க மாட்டேங்கிறான், வீட்டு வாசல்ல ரோட்டுல பள்ளம். நீ எல்லாத்தையும் நோட்டுல எழுதிக்கணும். மறுநாள் அந்தந்த ஆபீசுக்கு நாலு வரி கடுதாசி போகணும். ஆபீசுல இருந்து பதில் வந்ததும் அத ஒரு கவர்ல வெச்சு, "உங்க விசயமா நான் பேசினதுல இப்படித் தகவல் வந்திருக்கு"ன்னு மெடிக்கல் கார்டு கேட்டு வந்த அம்மாவுக்கு நீ அனுப்பணும்.

அந்த மெடிக்கல் கார்டு அந்தம்மாவுக்குச் சட்டப்படி எப்படியும் வரவேண்டியதுதான். நீ எழுதினாலும் வரும், எழுதாட்டியும் வரும். ஆனா கார்டுக்கு முந்தி உன் கடுதாசி அவுக வீட்டுத் தபால்ல விழுந்தாகணும். டோனெகல் கவுன்டியில அரசியல்வாதிகளுக்குப் பின்னாலயே சுத்தி ஆராய்ச்சி பண்ணின பால் சாக்ஸ்னு ஒரு படிப்பாளி 1976-ல போட்ட புத்தகத்துல இதுக்குக் 'கற்பனைச் சலுகை'ன்னே பேரு குடுத்திருக்காரு. அவருக்கு முந்தியே, 1963-ல, டப்ளின் பேராசிரியரு பேசில் சப் ஒரு கட்டுரை எழுதி, ஐரிஷ் எம்.பி.யோட வேலையே அரசு ஊழியரத் தொந்தரவு பண்ணித் திரியுறதுதான்னு தலைப்பே வெச்சிட்டாரு. ரெண்டு பேரும் ஆராய்ச்சியாத்தான் எழுதுனாக. அரசியல்வாதிக அதையே பாடப்புத்தகமா வெச்சுக்கிட்டாக.

ஏன் சனங்க இதுக்கு மசியுறாகன்னு கேப்பே. கவுன்சிலுக்குப் பேருதான் பெருசு. நாடு முழுக்க 31 கவுன்சிலு, 949 கவுன்சிலருக. போலீசு அவுக கையில இல்ல. ஆசுபத்திரி இல்ல. தண்ணியையும் 2014-ல தேசியக் கம்பெனி ஒண்ணுகிட்ட குடுத்தாச்சு. வீட்டு வரி கவுன்சிலுக்குச் சொந்த வருமானமா இருந்துச்சு, அத ஓட்டுக்காக 1977 தேர்தல்ல ரத்து பண்றோம்னு சொல்லி மறுவருசமே ரத்து பண்ணிட்டாக. 2013-லதான் வேற பேருல திரும்பி வந்துச்சு. அன்னாட நிர்வாகம் பெரும்பாலும் சம்பளத்துக்கு வந்த தலைமை அதிகாரி கையில. கவுன்சிலருக்கு மிஞ்சுனது பட்செட்டுக்குக் கை தூக்குறது, நிலப் பயன்பாட்டுத் திட்டத்துக்குக் கை தூக்குறது, தீர்மானம் போடுறது. அப்ப பள்ளத்த மூடணும்னா பணம் டப்ளின்ல இருக்கு. டப்ளின்காரனுக்கு கில்கார்வன் எங்க இருக்குன்னு தெரியாது. 2012, 2013 ரெண்டே வருசத்துல நாடு முழுக்க 139 போலீஸ் ஸ்டேசன மூடுனாக, பெரும்பாலும் கிராமத்து ஸ்டேசன். மலையடிவாரத்துல தனியா இருக்குற கெழவிக்கு அரசாங்கம்னா இப்ப யாரும் எடுக்காத ஒரு போன் நம்பரு. அந்த எடத்துல போன எடுத்து "சொல்லுங்கம்மா"ன்னு ஒருத்தன் கேட்டா, அவன் கவுன்சிலரோ மந்திரியோ அவளுக்கு ஒண்ணுதான்.

இத ஜாக்கி நல்லாப் புரிஞ்சுவெச்சிருந்தாரு. 1997-ல தெற்கு கெர்ரியில பழைய எம்.பி. ஓய்வுக்குப் போனாரு. ஜாக்கி ஃபியானா ஃபாயில்ல சீட்டு கேட்டாரு. வயசு 66 ஆச்சு, பேச்சும் தொப்பியும் பட்டிக்காடு. குடுக்கல. மனுசன் சுயேச்சையா நின்னு, மூணு சீட்டுல ஒண்ணப் புடிச்சாரு. கட்சி பல வருசமா வெச்சிருந்த ரெண்டாவது சீட்டு போச்சு. அதனால ராசா, எந்தக் கட்சியாவது உனக்குச் சீட்டு தரமாட்டேன்னு சொன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதே. அவமானப்பட்ட வேட்பாளருக்கு விழுற ஓட்டு தனி. ஆனா ஒண்ணு, அவமானப்படுறதுக்கு முந்தி இருபது வருசம் ஊருக்கு ஒழைச்சிருக்கணும். இல்லாட்டி அவமானம் மட்டுந்தான் மிஞ்சும்.

அந்தக் கட்டம்போட்ட தட்டைத் தொப்பியப் பத்திச் சொல்லணும். டப்ளின் பேப்பர்க்காரன் அத வெச்சுக் கார்ட்டூன் போட்டான், டிவிக்காரன் அவரு பேச்ச நடிச்சுக் காட்டுனான். மனுசன் தொப்பியக் கழட்டவே இல்ல. பட்டணத்தான் எவ்வளவு சிரிக்கிறானோ அவ்வளவுக்குப் பட்டிக்காட்டான் இவரு நம்மாளுன்னு நெருங்கி வருவான், அது அவருக்குத் தெரியும். சாதாரண சனம் சாதாரண சனம்னு சொல்றீகளே, யாரு அவுகன்னு கேட்டதுக்கு, நடுப்பகல்ல முழுச்சாப்பாடு சாப்பிடுறவுகன்னாரு. பட்டணத்தான் முழுச்சாப்பாட்ட ராத்திரிக்கு வெச்சுக்கிட்டு மத்தியானம் ரொட்டிக்குள்ள எதையோ செருகிக் கடிப்பான். ஒரே வரியில நாட்ட ரெண்டா வகுந்து, பெரிய பாதிக்குத் தலைவராயிட்டாரு. நீ ராத்திரி ஷிப்ட்டு முடிச்சு விடியக்காலையில பீட்சா திங்கிறவன், எந்தப் பாதியிலயும் உனக்கு எடமில்ல. மொதல்ல அதச் சரிபண்ணு.

செயிச்சது பெருசில்ல, செயிச்ச நேரந்தான் பெருசு. அப்ப டாயில்ல 166 எடம். பெர்ட்டி அஹெர்னோட ஃபியானா ஃபாயிலுக்கு 77, கூட்டாளிக் கட்சிக்கு 4. பெரும்பான்மைக்குச் சில்லறை கொறையுது. ஜாக்கி, ஹாரி பிளேனி, மில்ட்ரெட் ஃபாக்ஸ், டாம் கில்டி, நாலு சுயேச்சைக சேந்து தாங்குனாக. சீட்டு தரமாட்டேன்னு வெரட்டுன அதே கட்சி, அந்தத் தொப்பிக்கு முன்னால காகிதமும் பேனாவுமா உக்காந்து, ரோட்டுக்கு என்ன வேணும், ஊருக்கு என்ன வேணும்னு எழுதிக்கிட்டுச்சு. நாலு பேரையும் மொகங்கோணாமப் பாத்துக்கிறது அரசாங்கக் கொறடா சீமஸ் பிரென்னன் வேலை. அஞ்சு வருசம் ஆட்சி கவுறாம ஓடுச்சு. கட்சிக்காரன் பின்வரிசையில உக்காந்து, கை தூக்குன்னா தூக்கி, எறக்குன்னா எறக்கி, ஊருக்குப் போயி பதில் சொல்ல முடியாமத் தவிச்சான். கட்சியில்லாதவன் லிஸ்டு குடுத்தான். 2007-ல மறுபடியும் அதே கதை. 2010 கடைசியில நாடே கடன்ல மூழ்கி பட்செட்டு ஓட்டெடுப்பு நூல்ல தொங்குனப்பவும் ஜாக்கி கென்மேர் ஆசுபத்திரியத்தான் பேசிக்கிட்டிருந்தாரு.

இங்கதான் நீ கவனிக்கணும். எல்லாரும் உள்ளூர்ல இருந்து தலைநகருக்கு ஏறிப் போனாருன்னு சொல்லுவாக. ஜாக்கி ஏறவே இல்ல. கவுன்சில்ல என்ன பேசினாரோ அதத்தான் டாயில்ல போயி பேசினாரு, எடத்த மட்டும் மாத்துனாரு. வெளிநாட்டுக் கொள்கையப் பத்தி அவரு கருத்து என்னன்னு யாராவது ஞாபகம் வெச்சிருக்காகளான்னு பக்கத்து வீட்டுப் பெரியவரக் கேட்டேன். அவரு யோசிச்சுப் பாத்துட்டு டீ போடப் போயிட்டாரு.

2003-ல ஒரு சட்டம் வந்துச்சு. ஒரே ஆளு டாயில்லயும் கவுன்சில்லயும் ரெண்டு நாற்காலியில உக்காரக் கூடாதுன்னாக. நல்ல சட்டம், ஏகபோகத்த ஒடைக்கணும்னு கொண்டுவந்தது. ஜாக்கி கவுன்சில் எடத்த விட்டாரு. அந்த எடத்துக்குக் கோ-ஆப்ஷன்ல வந்தவரு மூத்த மகன் டேனி. சின்ன மகன் மைக்கேல் 1999-லயே வேற பகுதியில கவுன்சிலரு. 2011-ல அப்பா ஓய்வு எடுக்க, மைக்கேல் டாயிலுக்குப் போனாரு. மைக்கேல் விட்ட கவுன்சில் எடத்துக்கு டேனி மகன் ஜானி. 2016-ல டேனியும் டாயிலுக்குப் போக, அவரு எடத்துக்கு மக மோரா. 2019-ல மைக்கேல் மகன், தாத்தா பேரே வெச்சவரு, சின்ன ஜாக்கியும் செயிச்சு வந்தாரு. ஏகபோகத்த ஒடைக்க வந்த சட்டம் ஒரு ஆளு வேலைய அஞ்சு பேருக்குப் பிரிச்சுக் குடுத்துருச்சு. வாரிசு அரசியல்னு திட்டலாம், திட்டுறவுக இருக்காக. ஆனா 2019-லயும் 2024-லயும் பேரப்புள்ளைக மூணு பேரும் சனங்க முன்னால நின்னு ஓட்டு வாங்கித்தான் வந்திருக்காக. நீயும் கல்யாணத்த ரொம்பத் தள்ளிப்போடாதே. வார்டுக்கு ஒரு புள்ளைன்னு கணக்குப் போட்டாகூட நீ இப்பவே லேட்டு.

2016 தேர்தல்தான் இவுக கைவரிசைக்கு உச்சம். தெற்கும் வடக்கும் சேந்து கெர்ரி முழுசும் ஒரே தொகுதி, அஞ்சு சீட்டு. கடைசி நேரத்துல டேனியும் நிக்கிறேன்னு வந்தாரு. ஒரே வீட்டுல இருந்து ரெண்டு பேரான்னு சிரிச்சாக. அங்க ஓட்டு போடுறது ஒரு பேருக்கு முத்திரை குத்துறதில்ல, 1, 2, 3ன்னு விருப்ப வரிசை எழுதுறது. செயிக்கத் தேவையான அளவுக்கு மேல ஒருத்தருக்கு விழுந்தா, மிஞ்சுனது அடுத்த விருப்பத்துக்கு ஓடும். மேல வயலு ரொம்புனதும் மடையத் தெறந்தா தண்ணி கீழ வயலுக்குத் தானா எறங்குறதுதான் கணக்கு. மைக்கேலுக்கு 20,000-க்கு மேல மொத விருப்பம் விழுந்துச்சு. தேவை 13,000-த்துச் சில்லறை. மிச்சத்துல பெரும்பகுதி அண்ணன் வயலுக்குப் பாஞ்சுது. ரெண்டு சீட்டும் ஒரே வீட்டுக்கு. அதே தேர்தல்ல இணையமைச்சரா இருந்த ஜிம்மி டீனிகன் தோத்துப் போனாரு.

ஓட்டு எண்ணுறத ஒரு தடவ போயிப் பாரு, ஊருல அதவிடச் சுவாரசியமான நாடகம் கெடையாது. பெட்டியக் கவுத்து, சீட்ட ஒவ்வொண்ணா விரிச்சு அடுக்குவாக. தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் டாலி ஆளுகன்னு கட்சிக்காரவுகளும் சுயேச்சை ஆளுகளும் பென்சிலும் அட்டையுமா எக்கி நிப்பாக. விரிக்கிற சீட்டுல 1 யாருக்குன்னு கண்ணுல பட்டதும் ஒரு கோடு. அஞ்சு கோடு ஒரு கட்டு. எந்தப் பெட்டி எந்த ஊருப் பள்ளிக்கூடத்துல இருந்து வந்துச்சுன்னு தெரியுங்கிறதால, எந்த ஊரு யாருக்குப் போட்டுச்சுங்கிறது மத்தியானத்துக்குள்ள எல்லாக் கட்சிக்கும் தெரிஞ்சுரும். எதிரிகளா இருந்தாலும் கணக்க ஒருத்தருக்கொருத்தர் பகிந்துக்கிருவாக. அதிகாரி முடிவ அறிவிக்க ராத்திரி ஆகும், சில சமயம் மூணு நாளுகூட. ரகசிய ஓட்டுங்கிறது ஆளுக்குத்தான், ஊருக்கு இல்ல. உன் தெருவுல உனக்கு எத்தன விழுந்துச்சுன்னு மொதல்ல தெரிஞ்சுக்கிறவன் உன் எதிராளியா இருப்பான்.

பேப்பர்ல பேரு வரலியேன்னு கவலைப்படுவே. டேனிகிட்டப் படி. 2013 சனவரியில கவுன்சில்ல ஒரு தீர்மானம் கொண்டுவந்தாரு. ஒதுக்குப்புறத்துல தனியா இருக்குற வயசானவுக பப்புல ரெண்டு மூணு கிளாசு குடிச்சிட்டு மெதுவா வண்டி ஓட்டிக்கிட்டு வீட்டுக்குப் போக அனுமதிச்சீட்டு குடுக்கணும்னாரு. பப்பு வெச்சிருக்குறவரே இதச் சொன்னாரு. 27 பேரு கவுன்சில்ல அஞ்சு பேரு ஆதரவு, மூணு பேரு எதிர்ப்பு, மத்தவுக ஓட்டுப் போடாமலோ வராமலோ தப்பிச்சுக்கிட்டாக. தீர்மானம் நிறைவேறி ஒலகம் பூரா பேப்பர்ல வந்துருச்சு. நீதித்துறை அமைச்சரு முடியாதுன்னுட்டாரு, அத்தோட சரி. ஆனா கேலி பண்றதுக்கு முந்தி ஒண்ண நெனை. அந்த மலையில சாயங்காலத்துக்கு மேல பஸ்ஸு கெடையாது, டாக்சி கெடையாது. கெழவனுக்கு மனுச மொகம் பாக்க பப்பவிட்டா வேற எடமும் இல்ல. அவரு சொன்ன வைத்தியம் தப்பு, நோயி உண்மை.

2017-ல இன்னொண்ணு. கில்லார்னி, கார்க் நெடுஞ்சாலையில ஒரு எடம் எத்தன தடவ சரிபண்ணினாலும் உள்வாங்குது. பக்கத்துல தேவதைக் கோட்டைன்னு சொல்ற பழைய மண்மேடு இருக்கு, அதத் தொட்டதுதான் காரணம்னாரு டேனி. மண்ணுக்கு அடியில கோளாறுன்னு கவுன்சில் என்ஜினியருக சொன்னாக. ஜேசிபி வெச்சிருக்குறவரு, பட்டினி கெடந்தாலும் கெடப்பேன், அந்த மேட்டுல கை வெக்க மாட்டேன்னுட்டாரு. பருவநிலை மாத்தத்துக்கும் அதே வழி, வானத்துல இருக்குறவரு பாத்துக்கிருவாருன்னு டாயில்லயே பேசினாரு. பட்டணம் விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. கெர்ரி ஓட்டுப் போட்டுச்சு. பருவநிலை விசயத்துல நான் பட்டணத்துப் பக்கந்தான். மழை தப்பிப் பேஞ்சு எள்ளு போனவன் வானத்த மட்டும் கை காட்டிட்டுப் போக மாட்டான்.

மைக்கேலு வேற தினுசு. பெட்ரோல் பங்கு, கடை, ஜேசிபி, வாடகை வீடுன்னு டாயில்ல சொத்துக்கணக்கு நீளமா எழுதுறவருகள்ல ஒருத்தரு. 2007-ல பிரபலங்களக் காட்டுல விடுற டிவி நிகழ்ச்சியில சனங்க போன் ஓட்டுல செயிச்சாரு. 2011-ல பாத்தா, நாடாளுமன்றக் கட்டட போன்ல இருந்து அந்த ஓட்டு நம்பருக்கு 3,636 கால் போயிருக்கு. எனக்குத் தெரியாதுன்னாரு, இருந்தாலும் 2,600 யூரோவுக்கு மேல ஆன தொகைய அவரே கட்டுனாரு. நீயும் ஓட்டல் போன்ல இருந்து எனக்குப் பேசுறத நிறுத்திக்க.

2025 சனவரியில மைக்கேல் இணையமைச்சரு ஆனாரு. வனம், பண்ணைப் பாதுகாப்பு, தோட்டக்கலை. அப்பா 1997-ல அமைச்சர் பதவி இல்லாமலே வாங்கவேண்டியத வாங்குனாரு. வெளிய நின்னு கதவத் தட்டுனவரு அவரு, மகன் உள்ள போயி உக்காந்தாரு. உள்ள உக்காந்தவன் ரோடு சரியில்லைன்னு யாரப் பாத்துக் கத்துவான்? எங்கிட்ட கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன். கேக்கல.

என் கணிப்பக் கேட்டா சொல்றேன். ஜாக்கி மோசமான ஆளு இல்ல, 2014 டிசம்பர்ல 83 வயசுல போயி சேர்ற வரைக்கும் தன் சனத்துக்கு உண்மையாத்தான் இருந்தாரு. ஆனா அரசாங்கத்தோட கழுத்தப் புடிச்சு அவரு ரோட்டுக்கு வாங்குன தாரு எங்கயோ ஒரு ஊருக்குப் போகவேண்டிய தாரு. அந்த ஊருல சுயேச்சை எம்.பி. இல்ல, அம்புட்டுத்தான் அது செஞ்ச குத்தம். கவுன்சிலுக்கே பணமும் அதிகாரமும் இருந்தா ஒரு பள்ளத்த மூட ஒரு அரசாங்கத்தையே மெரட்ட வேண்டியதில்ல. அத மாத்துறேன்னு சொல்லி நீ நின்னேன்னா நான் அங்க வந்து உனக்காகக் கதவு தட்டுவேன். ஆனா நோட்டீசுல அத அச்சடிக்காதே, ஒரு ஓட்டு விழாது. பள்ளத்த மூடுவேன்னே போடு.

தேர்தல் 2029-ல, நாளு நெறைய இருக்கு. கம்பத்துல போர்டு கட்டுறது ஓட்டுப்பதிவுக்கு 30 நாளைக்கு முந்திதான், முடிஞ்ச 7 நாளைக்குள்ள பிளாஸ்டிக் டேக்கு உட்பட அவுத்துரணும், இல்லாட்டி 150 யூரோ அபராதம். கட்சியில்லாம நிக்கிறவனுக்கு 15 வாக்காளருக கையெழுத்து வேணும், அது முடியாட்டி 100 யூரோ டெபாசிட்டு. ஒனக்கு 15 கையெழுத்து கெடைக்காம 100 யூரோவக் கட்டுற நெலமை வந்துச்சுன்னா, ராசா, நிக்காதே. 15 பேருக்குத் தெரியாதவனுக்கு 1,500 பேரு ஓட்டுப் போட மாட்டாக.